உன் பாதியில் பன்னிரண்டு

மார்ச் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். எண்ணிக்கை: உன் பாதி வயலில் நூறு அரிசிக்குப் பன்னிரண்டு, என் பாதியில் நூறு அரிசிக்கு முப்பத்தொன்று.

அன்புள்ள குருணைக்கு,

மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காதே, உடனே போனை எடுக்காதே, கடைசி வரை படி. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு. இங்கே மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் கோபமாக இருக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், ஆகவே எல்லாரும் நலம். உன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் கேட்டால்தான் போடுகிறாள். மாமாவுக்கு முழங்கால் வலி, டிராக்டரில் ஏறாதே என்று டாக்டர் சொன்னாராம், இவர் டாக்டரை மாற்றிவிட்டார். எனக்குக் கண் கொஞ்சம் மங்குகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் முக்கியமான இடத்தில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம். உன்னோடு வேலை பார்க்கும் பெண் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாளாம், அவள் பெட்டியில் இதுவும் இரண்டு பை அரிசியும் வரும்.

போன வாரம் நீ அம்மாவிடம் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. கப்பல் கட்டும் இடத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அறுவடைக் கணக்கு என்ன ஆச்சு என்று சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், என் பாதி ஜெயிச்சிருந்தா ஊருக்கு வந்துடறேன், தோத்திருந்தா கையெழுத்துப் போட்டுடறேன் என்று சொல்லிச் சிரித்தாயாம். "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா நெஜமா சிரிச்சா அவளுக்கு நடுவுல விக்கல் வரும், இன்னிக்கு வரல" என்றாள் உன் அம்மா. அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பாத்திரமும் இரண்டு தடவை கழுவப்படுகிறது. போகட்டும், நீ விளையாட்டாகச் சொன்னாயோ நிஜமாகச் சொன்னாயோ, கேட்டது என்னிடம், எனவே பதில் நான்தான் சொல்ல வேண்டும். பதில் சொல்வதற்குள் நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தொடக்கம் உனக்கே ஞாபகம் இருக்கும். நீ கிளம்புவதற்கு முந்தைய மாதம், வயலுக்கு நடுவே ஒரு வரப்பு போட்டு, மேற்குப் பாதியில் அறுத்த வைக்கோலை அப்படியே மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது, கிழக்குப் பாதியில் ஒரு துரும்பு விடாமல் எடுத்துவிடுவது, இரண்டுக்கும் உரமும் தண்ணீரும் ஒரே அளவு, மூன்று அறுவடைக்குப் பிறகு எந்தப் பாதி அரிசி தரம் என்று எண்ணிப் பார்ப்பது என்று நான் சொன்னேன். வைக்கோல் கட்டும் மெஷினோடு வரப்பில் வந்து நின்ற மாமா, "மாப்ளே, மாடு திங்கிறத மண்ணுக்குப் போடுறீங்களே, மண்ணு என்ன நாளைக்குப் பாலா கறக்கப் போவுது?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே நீ மேற்குப் பாதி என்னுடையது என்றாய். அது முதல் வருஷம் தோற்கும் என்று நான் சொன்னேன், தோத்தாலும் என்னுதுதான் சார் என்றாய். அது போலவே ஆயிற்று. வைக்கோலை உழுதுவிட்டுத் தண்ணீர் கட்டி மூன்று வாரமாவது மட்க விட்டிருக்க வேண்டும், நடவைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று நீ நின்றாய், எனக்கும் உன்னை வைத்துக்கொண்டு நட ஆசை, எட்டாம் நாளே நட்டுவிட்டோம். மட்காத வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்துதான் தொட்டுக்கொள்ளும் கறி. அவை தின்று முடிக்கும்வரை நாற்றுக்குப் பந்தியில் இடமில்லை. நீ போன பத்தாம் நாள் உன் பாதி முழுக்க மஞ்சள், காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி, குமிழி உடைந்தால் அழுகிய முட்டை நாற்றம். போனில் உனக்கு அதை நான் அப்படியே சொன்னேன். உன் அம்மா அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இந்த அறுவடை முடிந்து காய்ந்ததும் இரண்டு பாதியிலிருந்தும் தனித்தனியாக நெல் எடுத்து, வேலைக்குப் போகும்போது மில்லுக்குக் கொண்டுபோய் சின்ன மெஷினில் அரைத்தேன். லேப்பில் நீ உட்காரும் ஸ்டூலில் இப்போது ஈரம் பார்க்கும் கருவியை வைத்திருக்கிறார்கள், அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கறுப்புத் தட்டில் நூறு அரிசியைப் பரப்பி, நடுவயிற்றில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை தெரிகிற அரிசியை ஒதுக்கும் வேலையை உன்னைப் போல யாரும் செய்ததில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிஃபார்மோடு நீ எண்ணிக் கொடுத்த கணக்கு மெஷின் கணக்கோடு ஒத்துப்போகும். நான் அரிசி பறந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன், அறுபதைத் தாண்டியதும் "சார், மூச்சு விடுங்க" என்பாய். அன்றைக்கு அறுபத்தி நாலில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பிறகும் ஒருமுறை. அந்த வெள்ளை என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மணி பால் பிடித்து நிறைகிற நேரத்தில் சாப்பாடு போதாமலோ வெயில் விரட்டியோ மாவு நெருக்கமாக அடையாமல் உள்ளே காற்று நின்றுவிடுகிறது, பாலிஷ் போடும்போது அங்கேதான் உடைகிறது. நீ இப்போது வெல்டிங்குக்குள் காற்றுக் குமிழி தேடுகிறாய் என்று கேள்விப்பட்டபோது நான் லேப்பில் எல்லாரிடமும் சொன்னேன், இங்கே படித்த பாடம் என்று. அவர்கள் ஏற்கெனவே நாலு தடவை கேட்டிருந்தார்களாம். கணக்கு வந்தது: உன் பாதியில் பன்னிரண்டு வெள்ளை, என் பாதியில் முப்பத்தொன்று. உடையாத முழு அரிசியும் உன் பாதியில்தான் அதிகம். உன் பாதியில் ஒரு கை அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. போனை எடுத்து உனக்குப் பன்னிரண்டு, முப்பத்தொன்று என்று தட்டச்சு செய்தேன், அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை இல்லாதவன். ஆனால் புரதம் பார்க்கும் மெஷின் காலியாக ஐந்து நிமிஷம் ஆகும் என்றார்கள், அதையும் சேர்த்தே அனுப்பலாம் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து நிமிஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது காப்பாற்றியது. என் பாதி அரிசியில் புரதம் ஏழு சொச்சம், எப்போதும் வருவதுதான். உன் பாதியில் ஒன்பதைத் தொட்டது. மட்கிய வைக்கோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தை விடும், மணி நிறைகிற நேரத்தில் அது கைகொடுக்கும், வெள்ளையும் குறையும், அதெல்லாம் சரி. ஆனால் வைக்கோல் மட்டும் புரதத்தை இவ்வளவு ஏற்றாது. கதிர் வெளியே வருகிற சமயத்தில் யாரோ கையில் அள்ளித் தழைச்சத்து கொடுத்தால்தான் இப்படி ஏறும். வீட்டுக்கு வந்து இரண்டையும் தனித்தனியாகச் சமைக்கச் சொன்னேன். உன் பாதிச் சோறு பார்க்க அழகு, வாயில் போட்டால் ஒன்றோடு ஒன்று பேசாத சோறு, விறைப்பு. மாமா இரண்டு வாய் மென்றுவிட்டு, "பல்லு டாக்டரையும் மாத்தணும் போலருக்கே" என்றார். உன் அம்மா மட்டும் உன் பாதிச் சோற்றையே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். நான் அதை அப்போது குறித்துக்கொள்ளவில்லை. கண் எதிரே இருக்கும் ஆதாரத்தை விட்டுவிட்டு மெஷினை மறுபடி சரிபார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சாக்கு கட்டக் கயிறு தேடி மோட்டார் ரூமுக்குப் போனேன். சுவிட்ச் பெட்டிக்கு மேலே உன் பள்ளிக்கூட டிபன் டப்பா இருந்தது. மூடியில் நீ ஆணியால் கீறிய மீன் படம் இருந்ததால் சந்தேகமே இல்லை. உள்ளே ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. உப்பா சர்க்கரையா என்று பார்த்தேன், எறும்பு ஒன்று கூட இல்லை. கொஞ்சம் சுரண்டி, கையில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். உள்ளங்கை சில்லென்று ஆகிவிட்டது. உப்பு அப்படிச் செய்யாது, சர்க்கரை செய்யாது, யூரியாதான் கரையும்போது அந்த அளவுக்குக் குளிரும். நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாக் கணக்கும் கூடிவிட்டது.

கடைக்குப் போயிருந்த உன் அம்மா வருவதற்குக்கூடப் பொறுக்காமல் டப்பாவோடு தெருமுனைக்கே போய்விட்டேன். காய்கறிப் பையோடு வந்தவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறைக்கவே இல்லை. "ஆமா, போட்டேன். மூணு வருஷமும் போட்டேன். நீங்க வேலைக்குக் கெளம்பினதும் போவேன்" என்றாள். எதற்கு என்று கத்தினேன். தெருவில் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். "அவ பாதி மஞ்சளா நிக்குது, பக்கத்துல உங்க பாதி பச்சப் பசேல்னு நிக்குது. அவ போன்ல மொதல்ல கேக்குறதே என் பாதி எப்படிம்மா இருக்குன்னுதான். நீங்க பாட்டுக்கு அழுகின முட்டைன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. பெத்தவ எந்த வாயால சொல்லுவா?" சரி, முதல் வருஷம் மஞ்சள், அடுத்த இரண்டு வருஷமும் நான் மூன்று வாரம் ஊறவைத்துத்தானே நட்டேன், அப்போது எதற்கு என்றேன். "ஒரு வருஷம் குடுத்துட்டு நிறுத்துனா ஏங்கிடாதா?" என்றாள். கதிர் வரும்போது எதற்கு என்றேன். "அது புள்ளத்தாச்சிப் பயிரு. அந்த நேரத்துல ஒரு டப்பா சேத்துக் குடுப்பாங்களா, இல்ல பட்டினி போடுவாங்களா? நீங்க படிச்ச படிப்புல இதெல்லாம் சொல்லித்தரலையா?" என்றாள். மூன்று வருஷ ஆராய்ச்சியை ஒரு டிபன் டப்பாவில் முடித்துவிட்டாயே என்றேன். "ஆராய்ச்சி போனா திரும்பப் பண்ணிக்கலாம்ங்க" என்றவள், பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்க அந்தக் குளிர்ல அவ என்னத்தத் திங்கிறாளோ. எனக்குக் கையெட்டுற தூரத்துல இருந்தது அந்தப் பாதி வயல் ஒண்ணுதான்" என்றாள். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

ஆக, உன் பாதி ஜெயித்ததா என்றால் என் பதில்: தெரியாது. எனக்கு மிகவும் பிடிக்காத வார்த்தை, இருந்தாலும் அதுதான் உண்மை. அந்தப் பன்னிரண்டில் வைக்கோல் எத்தனை, டிபன் டப்பா எத்தனை என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது. உன் அம்மா வரப்பில் நின்று வீசினால் யூரியா எவ்வளவு தூரம் போகும் என்று கல்லை வீசிப் பார்த்துவிட்டு, அதற்கும் தள்ளி நடுவில் நின்ற பயிரில் எடுத்திருந்த ஒரு பிடி நெல்லைத் தனியாக உரித்து எண்ணினேன், பத்தொன்பது வந்தது. முப்பத்தொன்றைவிட நல்லதுதானே என்று மனசு ஓடியது. ஆனால் யூரியா தண்ணீரில் கரைந்து நடுவுக்கும் போகும், அதையும் நம்ப முடியாது. சாயங்காலம் இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பன்னெண்டுன்னு மட்டும் எழுதுங்க. அதுல பொய் இல்லையே. நீங்க எண்ணினது பன்னெண்டுதானே?" என்றாள். இவளிடம் வாதாட வக்கீல் வைக்க வேண்டும். எண்ணினது உண்மை, அதற்கு நாம் சொல்லப்போகும் அர்த்தம்தான் பொய் என்றேன். "அவ வந்துருவாளேங்க" என்றாள். ஆமாம், வந்துவிடுவாள், வந்த பிறகு என்றைக்காவது மோட்டார் ரூமுக்குக் கயிறு எடுக்கப் போவாள் என்றேன். "சரி, எழுதுங்க. டிபன் டப்பான்னு மட்டும் எழுதாதீங்க, மானம் போவுது" என்றாள். எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லாதே.

இப்போது உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். வைக்கோலை எடுத்துக்காட்டாக வைத்து உனக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லச் சொன்னார் மாமா, விளைந்தது விளைந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லி அவரே வசனமும் கொடுத்தார். தன் வாழ்க்கை முழுக்க அடுத்தவன் வயல் வைக்கோலைக் கட்டிக்கொண்டு போகிறவர் சொல்கிற பேச்சா இது. நீ வைக்கோல் இல்லை. மண்ணுக்கு என்ன நல்லது என்று நான் சொல்ல முடியும், உனக்கு எது நல்லது என்று ஒரு வயலை எண்ணிச் சொல்ல முடியாது. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு. பிடிக்கவில்லையென்றால், அல்லது உடம்பு முடியவில்லையென்றால், காரணம் எதுவும் தேடாமல் கிளம்பி வா, ஜெயித்த பாதி ஒன்று வேண்டும் என்று இல்லை. இரண்டில் எதையும் ஒரு அரிசிக் கணக்கு மேல் வைத்து முடிவு செய்யாதே, அதுவும் கெட்டுப்போன கணக்கு. நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். உனக்கும் எனக்கும் பதினாலு வயசுதான் வித்தியாசம், மில்லுக்கு நெல் சாம்பிள் கொண்டுவந்த உன் அம்மா பின்னால் நின்று என்னை சார் என்று கூப்பிட்ட பிள்ளை நீ, அடுத்த வருஷமே உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் சார்தான், விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்து உதட்டை அசைத்ததும் அதே வார்த்தைதான், எனக்கு அது போதும். மில்லில் யார் கதவைத் திறந்துகொண்டு சார் என்று கூப்பிட்டாலும் நான் தலையைத் தூக்கிக் கொஞ்சம் தாழ்வாகப் பார்க்கிறேன், உன் பள்ளிக்கூட உயரத்துக்கு. நீ இப்போது என்னைவிட உயரம் என்பது தெரிந்தும். நீ வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இது சோதித்துப் பார்த்துச் சொல்வதில்லை, நூற்றுக்கு நூறு. ஆனால் ஆசையை முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்னை மில்லில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள், வீட்டில் மட்டும் அதைச் செய்வேனா.

அரிசிப் பை இரண்டு வருகிறது. கறுப்புக் கயிறு கட்டியது உன் பாதி, அதற்கு எப்போதும் வைப்பதைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட வை, அரைமணி நேரம் ஊறவை, இல்லையென்றால் விறைத்துக்கொண்டு நிற்கும். தட்டில் இருப்பது அரிசி மட்டுமில்லை, உன் அம்மா தினம் நடந்துபோய்ப் போட்ட சாப்பாடும் சேர்ந்துதான், ஆகவே கடினம் என்று குறை சொல்லாமல் சாப்பிடு. வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதே, குளிரில் கையுறை போடச் சோம்பல்படாதே, கைவிரல்தான் உன் கருவி. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக நடக்காதே. நீ தொட்டது எல்லாம் உள்ளே காற்றில்லாமல் கெட்டியாக அமைய வேண்டும், நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் இரு. அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது, தனியாக எழுதச் சொன்னதற்கு அழுதுவிட்டு எழுந்து போய்விட்டாள். மாதக் கடைசி முப்பத்தொன்றாம் தேதி, முப்பதில்லை, ஒரு நாள் கூட இருக்கிறது, அவசரப்படாதே. இதைச் சொல்வது நான் என்பதால் நீ சிரிப்பாய், விக்கல் வந்தால் தண்ணீர் குடி.

அப்பா என்று கையெழுத்துப் போடச் சொன்னாள் உன் அம்மா. நீ கூப்பிடாத பெயரை நான் போட்டால் அது போலிக் கையெழுத்து.

இப்படிக்கு,
சார்

இனி நான் செய்யப்போவது:

1. மாமாவின் மெஷின் வருவதற்குள் மேற்குப் பாதி வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி உழுது தண்ணீர் கட்டுவேன். கிழக்குப் பாதி வைக்கோலை அவர் கட்டிக்கொள்ளட்டும்.
2. மூன்று வாரம் முழுசாக மட்கிய பிறகே நடுவேன். எழுதும்போதே கால் ஆடுகிறது, இருந்தாலும்.
3. யூரியா மூட்டையைப் பூட்டிவைக்க மாட்டேன். பூட்டினால் கடையில் வாங்குவாள்.
4. டிபன் டப்பாவை நன்றாகக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைப்பேன்.
5. இரண்டு பாதியும் உன்னுடையதுதான் என்று இன்றைக்கே உன் அம்மாவிடம் சொல்வேன். இனிமேல் போட்டால் இரண்டுக்கும் சமமாகத்தான் போடுவாள், கணக்கு கெடாது.